தினமும் காலைல ஒரு தடவ கேளுங்க, இந்த டியூப் இன்னைக்கும் வேணுமான்னு

வாசகர் கேள்வி:

அக்கா, எங்களுக்கு ஏற்காட்டுல நாகலூர் பக்கம். எஸ்டேட்ல ஜீப் ஓட்டறேன். அம்மாவுக்கு 58 வயசு, சுகர் இருக்கு. நிமோனியா முத்திப்போயி பிரஷர் இறங்கி மூச்சு விட முடியாம ராத்திரியோட ராத்திரியா கீழ சேலம் கொண்டுவந்து ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஐசியூல சேத்தோம். கேஷுவாலிட்டிலயே தொடை இடுக்குல ஒரு பெரிய லைன் போட்டாங்க, யூரின் டியூபும் போட்டாங்க. அஞ்சாம் நாள் வென்டிலேட்டர் எடுத்துட்டாங்க, கண்ணு முழிச்சு பேசுனாங்க, நாங்க கும்பிட்ட சாமியெல்லாம் காப்பாத்திருச்சுன்னு இருந்தோம். எட்டாம் நாள் திடீர்னு குளிர் தூக்கிப்போட்டு காய்ச்சல். லைன்ல இன்ஃபெக்ஷன் ஆயிருக்கலாம்னு சொல்லி ரெண்டு எடத்துல ரத்தம் எடுத்தாங்க, பழைய லைனை எடுத்துட்டு கழுத்துல புதுசு போடணும்ங்கறாங்க. அண்ணன் ஆஸ்பத்திரி மேல தப்புன்னு சண்டைக்கு நிக்கறாரு. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல. ஐசியூக்குள்ளயே எப்படிக்கா கிருமி வரும்? ரெண்டு எடத்துல எதுக்கு ரத்தம்? முன்னாடியே ஹெவி ஆன்டிபயாடிக் குடுத்திருந்தா வந்திருக்காதுல்ல? ஒரு நாளைக்கு ரெண்டு வேளை பத்து பத்து நிமிஷம்தான் உள்ள விடறாங்க, நாங்க என்ன செய்ய முடியும்? யூரின் டியூபோடவே வீட்டுக்கு அனுப்பிருவாங்களோன்னும் பயமா இருக்கு.

பதில்:

தம்பி, உங்க அம்மா வென்டிலேட்டர விட்டு வெளிய வந்து பேசுனாங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் இந்த லெட்டர்லயே பெரிய விஷயம், அத மனசுல வச்சுக்கங்க. சுகர் இருக்கற ஒருத்தருக்கு நிமோனியா வந்து பிரஷர் விழுந்து, அதுல இருந்து அஞ்சு நாள்ல மீண்டு வர்றது சாதாரணம் இல்ல. இப்ப வந்திருக்கற காய்ச்சலும் லைன்ல இருந்து வந்ததுதான்னா சீக்கிரம் கண்டுபுடிச்சா சரி பண்ணக்கூடியதுதான், டாக்டருங்க உடனே ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்கற கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பி லைனை எடுக்கலாம்னு சொல்றதுலயே அவங்க கவனமா இருக்காங்கன்னு தெரியுது. நான் சேலத்துல ஐசியூ இன்ஃபெக்ஷன் கண்ட்ரோல் நர்ஸா வேலை பாக்கறவ. உங்க அம்மாவோட கேஸ் ஷீட்ட நான் பாக்கல, அதனால எந்த மருந்து எத்தனை நாள்ங்கறத அங்க இருக்கற டாக்டருங்கதான் முடிவு பண்ணணும். இந்த கிருமி எந்த வழியா வருது, எப்படித் தடுக்கலாம், நீங்க அங்க நின்னு என்ன கேக்கலாம், இத நான் தைரியமா சொல்லலாம்.

ஐசியூல கிருமி எப்படி வரும்னு கேட்டீங்க. எல்லாரும் காத்துல பரவுதுன்னு நெனைக்கறாங்க, அதனால ஏசி சரியில்ல ரூம் சரியில்லன்னு சண்டை போடறாங்க, லைன் இன்ஃபெக்ஷனப் பொறுத்தவரைக்கும் அது அப்படி இல்லங்க. கையில போடற வென்ஃப்ளான் ஒரு சின்ன ஊசிக்குழாய், அது தோலுக்குக் கீழ இருக்கற சின்ன நரம்புல நிக்கும். சென்ட்ரல் லைன்ங்கறது, அதாவது நீங்க சொன்ன அந்த பெரிய லைன், நீளமான குழாய், அதோட நுனி இதயத்துக்குப் பக்கத்துல இருக்கற பெரிய ரத்தக்குழாய்க்குள்ள, தொடையில போட்டா இடுப்புக்கு உள்ள இருக்கற பெரிய ரத்தக்குழாய்க்குள்ள நிக்குது. பிரஷர் ஏத்தற மருந்து மாதிரி சின்ன நரம்புல விட்டா நரம்பையும் சதையையும் புண்ணாக்கற மருந்துங்கள குடுக்க அது பெரும்பாலும் வேணும், உங்க அம்மாவுக்கு அன்னைக்கு ராத்திரி அது தேவைப்பட்டிருக்கும். ஆனா தோல்ங்கற காவலைத் தாண்டி வெளி உலகத்துல இருந்து நேரா ரத்தத்துக்குள்ள ஒரு வழி போட்ட மாதிரிதான் அது. அந்த வழில கிருமி முக்கியமா ரெண்டு எடத்துல ஏறும். ஒண்ணு, குழாய் தோலுக்குள்ள நுழையற அந்த ஓட்டை, நம்ம தோல்ல எப்பவும் இருக்கற கிருமியே குழாயோட வெளிப்பக்கமா ஒட்டிக்கிட்டே உள்ள இறங்கும், மொத வாரத்துல வர்ற இன்ஃபெக்ஷன்ல இதுதான் ஜாஸ்தி. இன்னொண்ணு, மருந்து ஏத்தற முனை, அத நாங்க ஹப்னு சொல்லுவோம், ஒரு நாளைக்கு எத்தனையோ தடவ அதத் தொறந்து மூடறோம், தொடற கை சுத்தமா இல்லன்னா அது வழியா குழாயோட உள்பக்கமா போகும். நாள் ஆக ஆக இந்த ரெண்டாவது வழிதான் பெருசாகுது. உள்ள போன கிருமி கெணத்துப் படியில புடிக்கற பாசி மாதிரி குழாய் சுவர்ல ஒரு வழவழப்பான படலம் கட்டிக்கும், அந்தப் படலத்துக்குள்ள ஆன்டிபயாடிக் சரியா போய்ச் சேராது, அதனாலதான் மருந்து மட்டும் குடுத்து லைனை அப்படியே விட முடியாம எடுக்க வேண்டி வருது.

இப்ப தொடை இடுக்கு விஷயம், இதப் பத்தி கொஞ்சம் நெறைய சொல்லணும், ஏன்னா உங்க லெட்டர்ல எனக்கு உறுத்துனது இதுதான். அவசரத்துல தொடையில போட்டது தப்பே இல்ல. பிரஷர் இல்லாம, மூச்சு வாங்கிக்கிட்டு, படுக்கக்கூட முடியாத ஆளுக்கு கழுத்துலயோ காறை எலும்புக்கு கீழயோ ஊசி போடறது ஆபத்து, நுரையீரல்ல ஓட்டை விழ வாய்ப்பிருக்கு, தொடையில அந்த பயம் இல்ல, டக்குனு போட்ரலாம். ஆனா அந்த எடம் எப்பவும் ஈரமா இருக்கற எடம், மடிப்பு, வியர்வை, பக்கத்துலயே யூரின் போற எடமும் மோஷன் போற எடமும், டயபர் வேற போட்டிருப்பாங்க, டிரஸ்ஸிங் ஒட்டவே ஒட்டாது, ஓரம் தூக்கிக்கிட்டே இருக்கும். பிரான்ஸ்ல மூவாயிரத்துக்கும் மேல ஐசியூ நோயாளிங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2015ல வெளியிட்டாங்க, அதுல காறை எலும்புக்கு கீழ போட்ட லைன்லதான் ரத்தத்துல கிருமி ஏறறதும் ரத்தக்கட்டியும் சேத்துப் பாத்தா கம்மி, கழுத்துலயும் தொடையிலயும் அதவிட ஜாஸ்தி, ஆனா காறை எலும்புக்கு கீழ போடறப்ப நுரையீரல்ல காத்து கசியற சிக்கல் கொஞ்சம் கூட. அதனால எந்த எடம்னு முடிவு பண்றது அந்தந்த ஆளப் பொறுத்தது. முக்கியமான வழிகாட்டுதல்ல சொல்ற விஷயம் என்னன்னா, பெரியவங்களுக்கு முடிஞ்சவரை தொடைய தவிர்க்கணும், அப்புறம் அவசரத்துல முழு சுத்தத்தோட போட முடியாம போட்ட லைனை ஆள் கொஞ்சம் நிலைக்கு வந்ததும் எடுத்துறணும், தேவைன்னா வேற எடத்துல நிதானமா புதுசு போடணும், அதுக்கு 48 மணி நேரம்னு ஒரு கெடு சொல்லியிருக்காங்க. உங்க அம்மாவுக்கு எட்டாம் நாள் வரைக்கும் அதே லைன் இருந்திருக்கு. அதுக்கு நியாயமான காரணம் இருந்திருக்கலாம், ரத்தம் உறையறதுல பிரச்சினை, கழுத்துல போட முடியாத நிலைமைன்னு ஏதாவது. அந்தக் காரணம் என்னன்னு நீங்க கேக்கலாம், கேக்கறதுல தப்பே இல்ல, "அவசரத்துல போட்ட லைனை மாத்தலாமான்னு எப்ப டாக்டர் பாத்தாங்க, ஏன் வைக்க வேண்டி வந்துச்சு"ன்னு மரியாதையா கேளுங்க.

அப்ப அண்ணன் சொல்றது சரியா, ஆஸ்பத்திரி தப்புதானா? நான் ரெண்டு பக்கமும் சொல்றேன். ஒரு ஆளுக்கு லைன் இன்ஃபெக்ஷன் வந்ததாலயே அலட்சியம்னு சொல்லிற முடியாது, எல்லாம் ஒழுங்கா பண்ணியும் சிலருக்கு வரும், சுகர் இருக்கறவங்க, ரொம்ப முடியாம கெடந்தவங்களுக்கு இன்னும் சுலபமா வரும். ஆனா "ஐசியூன்னா இதெல்லாம் வர்றதுதாங்க"ன்னு யாராவது சொன்னா அத நான் ஒத்துக்கவே மாட்டேன். அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல நூறு ஐசியூக்கு மேல சேந்து ஒரு வேலை பண்ணுனாங்க, பீட்டர் ப்ரோனோவோஸ்ட்னு ஒரு டாக்டர் முன்ன நின்னு நடத்துனாரு, 2006ல முடிவு வெளிய வந்துச்சு. புது மெஷினும் இல்ல புது மருந்தும் இல்ல. லைன் போடறதுக்கு முன்ன கை கழுவு, போடறப்ப தொப்பி மாஸ்க் கவுன் கிளவுஸ் எல்லாம் போட்டு ஆளையும் தலையில இருந்து கால் வரைக்கும் ஸ்டெரைல் துணியால மூடு, தோலை குளோர்ஹெக்ஸிடின்ங்கற கிருமிநாசினில தொடச்சு விடு, தொடையில போடாம முடிஞ்சா வேற எடத்துல போடு, தேவையில்லன்னா அன்னைக்கே எடு. இந்த அஞ்சுதான். இதோட ஒரு முக்கியமான விஷயம், டாக்டர் இதுல ஒண்ணை விட்டா பக்கத்துல நிக்கற நர்ஸ் "நிறுத்துங்க சார்"னு சொல்லலாம்னு அதிகாரம் குடுத்தாங்க. மூணே மாசத்துல அங்க பாதி ஐசியூக்காவது லைன் இன்ஃபெக்ஷன் பூஜ்யத்துக்கு வந்துச்சு, ஒன்றரை வருஷம் வரைக்கும் பாத்தப்பயும் அந்த முன்னேற்றம் நின்னுச்சு. எனக்கு இந்த வேலைல நம்பிக்கை வந்ததே இதப் படிச்சப்பறம்தான். பெரிய சிட்டி ஆஸ்பத்திரியால மட்டும்தான் முடியும்ங்கறதெல்லாம் இல்ல, நம்ம அஞ்சு ரோட்டுல இருக்கற சின்ன ஆஸ்பத்திரி ஐசியூலயும் இந்த அஞ்சையும் செய்யலாம், கையும் மனசும் இருந்தா போதும்.

அதனால சண்டைக்கு நிக்கறதவிட அண்ணன அழைச்சுக்கிட்டுப் போயி இன்ஃபெக்ஷன் கண்ட்ரோல் நர்ஸ் யாருன்னு கேட்டு அவங்களப் பாருங்க. ஆஸ்பத்திரிங்களோட தரத்தப் பாத்து குடுக்கற என்ஏபிஎச் அங்கீகாரம் வாங்குன ஆஸ்பத்திரின்னா அப்படி ஒருத்தர் இருந்தே ஆகணும், இந்த மாதிரி இன்ஃபெக்ஷன் எத்தனை வருதுன்னு ஆயிரம் லைன் நாளுக்கு இத்தனைன்னு கணக்கும் வச்சாகணும். ஒரு ஆளுக்கு ஒரு நாள் லைன் இருந்தா அது ஒரு லைன் நாள், அவ்வளவுதான் அந்தக் கணக்கு. உங்க அம்மாவோட கேஸையும் அவங்க எழுதி ஆராயணும்னு கேளுங்க. கத்துனா ஐசியூ கதவு மூடிரும், நிதானமா கேட்டா ஒரு மனுஷன் வந்து உக்காந்து பேசுவாங்க, இது நான் தினமும் பாக்கறது.

ரெண்டு எடத்துல ரத்தம் எடுத்தது பணத்துக்காக இல்ல தம்பி, அதுதான் சரியான முறை. ஒரு சாம்பிள் லைன்ல இருந்து, இன்னொண்ணு கையில புதுசா குத்தி, ஒரே நேரத்துல எடுத்து கல்ச்சர் பாட்டில்ல போட்டு மெஷின்ல வைப்பாங்க. லைன் ரத்தத்துல கிருமி வளர்ந்து மெஷின் சிக்னல் குடுத்து, அதுக்கு ரெண்டு மணி நேரமாவது கழிச்சு கை ரத்தத்துல குடுத்தா, கிருமி லைன்லதான் குடியிருக்குன்னு அர்த்தம். ரெண்டுலயும் வரலன்னா காய்ச்சல் வேற எங்கயோ இருந்து, நுரையீரல்லயோ யூரின்லயோ, அப்ப அங்க தேடணும். லைன்ல மட்டும் எடுத்துப் பாத்தா குழாய் முனையில சும்மா ஒட்டியிருந்த கிருமிய பாத்துட்டு தேவையில்லாம மருந்து குடுத்துருவோம். ஆன்டிபயாடிக் மாத்தறதுக்கு முன்னாடி இந்த சாம்பிள எடுக்கறதுதான் சரி, அப்பதான் கிருமியோட பேரும் எந்த மருந்துக்கு அடங்கும்ங்கறதும் தெரியும். முழு ரிப்போர்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும், அதுவரைக்கும் ஒரு மருந்து ஓடும், ரிப்போர்ட் வந்ததும் மாத்துவாங்க, "நேத்து ஒண்ணு இன்னைக்கு ஒண்ணு குடுக்கறாங்க"ன்னு அண்ணன் பயப்பட வேண்டாம்.

புது லைன் போடணும்ங்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க. இங்க ஒரு கேள்வி கேட்டே ஆகணும்: பிரஷர் ஏத்தற மருந்து இன்னும் ஓடுதா? ஓடுதுன்னா புது லைன் பெரும்பாலும் வேணும். ஆனா பிரஷர் மருந்து நின்னுருச்சு, அம்மா பேசறாங்க, வாய் வழியா சாப்பிடறாங்கன்னா, பாக்கி ஆன்டிபயாடிக்க கையில வென்ஃப்ளான்லயே குடுக்க முடியுமான்னு கேளுங்க. சில பேருக்கு கை நரம்பே கெடைக்காது, சில மருந்து கையில விடக்கூடாது, அப்ப டாக்டர் காரணத்தோட சொல்லுவாங்க. காரணம் இருந்தா போடட்டும், "எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்"னு போடறதுதான் வேண்டாம். போடறதா இருந்தா பழைய லைன் வழியாவே கம்பிய விட்டு அதே ஓட்டைல புதுசு மாத்தக்கூடாது, கிருமி இருக்கலாம்னு சந்தேகம் இருக்கறப்ப அது கிருமிக்கு நாமளே வழி காட்டற மாதிரி ஆயிரும், வேற எடத்துல புதுசா குத்தித்தான் போடணும். அல்ட்ராசவுண்ட் வச்சுப் பாத்துக்கிட்டே போட்டா பெரும்பாலும் கம்மி குத்துல முடியும், அந்த வசதி இருக்கான்னும் கேட்டுக்கங்க.

ஹெவி ஆன்டிபயாடிக் முன்னாடியே குடுத்திருந்தா வந்திருக்காதுல்லன்னு கேட்டீங்க, நெறைய வீட்டுல இதக் கேக்கறாங்க. இல்லங்க. லைன் இன்ஃபெக்ஷனத் தடுக்கறதுக்குன்னு ஆன்டிபயாடிக் ஊசி குடுக்கக்கூடாதுன்னுதான் வழிகாட்டுதலே சொல்லுது. அப்படிக் குடுத்தா சாதுவான கிருமிங்க செத்துப்போயி, எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிங்களுக்கு எடம் காலியாகும், அப்புறம் கேண்டிடான்னு ஒரு பூஞ்சை, அதுவும் ரத்தத்துக்குள்ள ஏறும். நம்ம நாட்டு ஐசியூக்கள்ல க்ளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர்னு ரெண்டு கிருமி பாடா படுத்துது, ரெண்டும் பெரிய பெரிய மருந்தையே தாண்டி வளந்தது. மருந்து கூடக் கூட அதுங்க கூடும். தடுக்கறது கைதான், மருந்து இல்ல.

இப்ப நீங்க என்ன செய்யலாம். பத்து நிமிஷம்தானேன்னு நெனைக்காதீங்க, அந்தப் பத்து நிமிஷத்துல வீட்டுக்காரங்களாலதான் சில விஷயம் கெட்டுப்போறதையும் நான் பாத்திருக்கேன், வீட்டுக்காரங்களாலதான் சில விஷயம் காப்பாத்தப்பட்டதையும் பாத்திருக்கேன்.

உள்ள நுழையறப்ப கதவுகிட்ட ஹேண்ட் ரப் பாட்டில் இருக்கும், ஒரு சொட்டு விட்டு தேய்ச்சுட்டுப் போறது பத்தாது, உள்ளங்கை நெறைய எடுத்து விரல் இடுக்கு, கட்டை விரல், நக நுனின்னு 20ல இருந்து 30 செகண்ட் காயற வரைக்கும் தேய்க்கணும். கையில மண்ணோ கறையோ இருந்தா சோப்புத் தண்ணிதான், அது 40ல இருந்து 60 செகண்ட். எஸ்டேட்ல இருந்து நேரா வர்றீங்க, மொதல்ல சோப்பு போட்டுக் கழுவிருங்க. மோதிரம், வாட்ச், கையில கட்டுன கயிறு இதுக்கு அடியில எல்லாம் ஈரம் தங்கும், கழட்ட முடிஞ்சத கழட்டிட்டுப் போங்க. கழுவி முடிச்சுட்டு செல்போனத் தொட்டா கழுவுனதே வீண், போனை வெளிய யார்கிட்டயாவது குடுத்துருங்க. வெளிய வர்றப்பயும் தேய்ச்சுட்டு வாங்க, அடுத்த பெட்ல இருக்கறவங்களுக்காக.

அம்மாவுக்கு தலையில எண்ணெய் வைக்கணும்னு தோணும். படுத்தே கெடக்கறாங்க, தலை சிக்கு புடிச்சுக் கெடக்குதுன்னு அக்கா தங்கச்சிங்க தேங்காண்ணெய் பாட்டில எடுத்துட்டு வந்துருவாங்க. கழுத்துல புது லைன் போட்டுட்டாங்கன்னா தயவு செஞ்சு வேண்டாம். எண்ணெய் காதுக்குப் பின்னாடி வழிஞ்சு கழுத்துக்கு இறங்கும், லைன் மேல ஒட்டியிருக்கற கண்ணாடி மாதிரி டிரஸ்ஸிங்கோட ஓரம் எண்ணெய் பட்டதும் பசை விட்டு லேசா தூக்கும், அந்த ஓரம் வழியா வியர்வை உள்ள போகும், ஒரு ராத்திரி போதும். சேர்வராயன் கோயில்ல இருந்து திருநீறு கொண்டு வந்திருப்பீங்க, நெத்தியில வைங்க, நர்ஸம்மாகிட்ட சொல்லிட்டே வைங்க, கழுத்துலயும் நெஞ்சுலயும் பூச வேண்டாம். அந்தக் கண்ணாடி டிரஸ்ஸிங்க ஏழு நாளுக்கு ஒரு தடவ மாத்துனா போதும், துணி டிரஸ்ஸிங்னா ரெண்டு நாளைக்கு ஒரு தடவ, ஆனா ஈரமானாலோ அழுக்கானாலோ ஓரம் தூக்குனாலோ அப்பவே மாத்தணும். டிரஸ்ஸிங் மேல தேதி எழுதியிருப்பாங்க, பாருங்க. ஓரம் தூக்கியிருந்தா நீங்க அமுக்கி ஒட்டாதீங்க, "சிஸ்டர், இங்க தூக்கியிருக்குங்க"ன்னு சொல்லுங்க. எங்களுக்கு அது உதவி, ஒரு ஷிப்டுல ரெண்டு மூணு பெட் பாக்கறப்ப சில நேரம் எங்க கண்ணுக்கு முன்ன உங்க கண்ணுக்குத் தெரியும்.

ஹப்பைப் பத்தி சொன்னேன்ல, மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி அத ஆல்கஹால் ஸ்வாப்ல சுத்தி அழுத்தித் தேய்ச்சு, ஈரம் காய விட்டு, அப்புறம்தான் சிரிஞ்ச் மாட்டணும். காயறதுதான் முக்கியம், ஈரமா இருக்கறப்பவே மாட்டுனா தேய்ச்சதுக்கு முழுப் பலன் இல்ல. நீங்க பக்கத்துல நிக்கறப்ப ஒரு நர்ஸ் இப்படி நின்னு காய விட்டாங்கன்னா, அவங்க உங்க அம்மாவ நல்லா பாத்துக்கறாங்கன்னு நம்பலாம். அவசரமா மாட்டறத பாத்தா, "சிஸ்டர், தொடச்சாச்சுங்களா?"ன்னு கேளுங்க, அது போதும். ஐசியூல தினமும் குளோர்ஹெக்ஸிடின் துணியால உடம்பு தொடச்சு விடறதும் நல்ல பழக்கம், அதுவும் நடக்குதான்னு கேட்டுக்கலாம்.

எல்லாத்துலயும் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு, காலைல ரவுண்ட்ஸ் முடிஞ்சு டாக்டர் உங்ககிட்ட பேச வர்றப்ப தினமும் கேளுங்க: "டாக்டர், அம்மாவுக்கு இருக்கற ஒவ்வொரு டியூபும் இன்னைக்கும் தேவைப்படுதுங்களா?" குத்தம் சொல்ற மாதிரி கேக்க வேண்டாம், தெரிஞ்சுக்கற மாதிரி கேளுங்க. ஒரு நல்ல டாக்டர் அதுக்கு கோவப்பட மாட்டாரு. லைன் இருக்கற ஒவ்வொரு நாளும் ரிஸ்க் ஏறிக்கிட்டே போகுது, எடுத்துட்டா அந்த ரிஸ்க் அன்னைக்கே நின்னுருது. பத்து வகை கிளவுஸும் இருபது வகை மருந்தும் குடுக்காத பாதுகாப்ப எடுத்த லைன் குடுக்கும். அதே நேரம் வேணும்ங்கற லைனை பயத்துல எடுங்க எடுங்கன்னு நெருக்கவும் கூடாது, அஞ்சு நாளுக்கு ஒரு தடவ மாத்தணும் ஏழு நாளுக்கு ஒரு தடவ மாத்தணும்னு சிலர் சொல்லுவாங்க, அதுக்கு ஆதாரம் இல்ல, நல்லா இருக்கற லைனை கணக்குக்காக மாத்துனா புதுசா குத்தற ஆபத்துதான் கூடும்.

யூரின் டியூப் பத்தி கடைசில ஒரு வரிதான் எழுதியிருக்கீங்க, ஆனா அதுவும் இதே மாதிரிதான், மறந்து போற டியூப் அதுதான். பிரஷர் கொறஞ்சு இருந்தப்ப மணிக்கு எவ்வளவு யூரின் போகுதுன்னு அளக்க அது வேணும். இப்ப அம்மா முழிச்சு பேசறாங்கன்னா, பெட்பேன் வைக்கலாம், டயபர் போட்டு எடை போட்டுப் பாக்கலாம், எழுப்பி உக்கார வைக்க முடிஞ்சா கமோட் சேர் இருக்கு. படுக்கை நனையுது, ஆள் பத்தலங்கறதுக்காக டியூபை விட்டு வைக்கறது சரியில்ல. டியூப் இருக்கற ஒவ்வொரு நாளும் நூத்துல மூணுல இருந்து ஏழு பேருக்கு யூரின்ல கிருமி புதுசா ஏறுது, ஒரு மாசம் இருந்தா அனேகமா எல்லாருக்கும் இருக்கும். ஆனா காய்ச்சல் வலி எதுவும் இல்லாம வெறும் கிருமி மட்டும் டெஸ்ட்ல தெரிஞ்சா பெரும்பாலும் மருந்து தேவைப்படாது, யூரின் கலங்கலா இருக்கு வாடை அடிக்குதுன்னு நீங்களா டெஸ்ட் குடுத்து ஆன்டிபயாடிக் வாங்காதீங்க. டியூப் எடுக்கற வரைக்கும் ஐசியூலயோ வார்டுலயோ நீங்க ஒண்ணு கவனிங்க: ஸ்கேன் எடுக்க ஸ்ட்ரெச்சர்ல மாத்தறப்ப அட்டெண்டர் யூரின் பையைத் தூக்கி அம்மா வயித்து மேல வச்சுருவாங்க, அந்த நிமிஷம் பையில இருக்கற யூரின் டியூப் வழியா திரும்பி உள்ள ஓடும். பை எப்பவும் மூத்திரப்பைக்கு கீழ இருக்கணும், ஆனா தரையிலயும் படக்கூடாது. டியூபும் பையும் சேர்ற எடத்த யாரும் கழட்டக்கூடாது, சாம்பிள் வேணும்னா அதுக்குன்னு இருக்கற போர்ட்ல ஊசி வச்சுத்தான் எடுக்கணும். டியூப் எடுத்தப்பறம் ஆறு மணி நேரத்துக்குள்ள தானா யூரின் போறாங்களான்னு பாருங்க, போகலன்னா சொல்லுங்க.

ஒருவேள யூரின் போகாம டியூபோடதான் வீட்டுக்கு அனுப்பணும்னு வந்துருச்சுன்னா, எதுக்காக, எப்ப எடுக்க வரணும்ங்கற தேதியை டிஸ்சார்ஜ் ஷீட்ல எழுதி வாங்கிக்கங்க. தேதி இல்லாம போற டியூப் மாசக்கணக்குல கெடக்கும். ஏற்காடு ஏர்றப்ப 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு, உங்களுக்குத் தெரியாததா, அடிவாரத்துலயே வண்டிய நிறுத்தி கை கழுவிட்டு பையைக் காலி பண்ணிருங்க, அம்மாவ பின் சீட்டுல உக்கார வச்சு பையை சீட்டு ஓரத்துல தொடைக்கு கீழ தொங்கற மாதிரி கட்டுங்க, ஜீப் தரையில போட வேண்டாம், மடியிலயும் வேண்டாம், டியூப் எங்கயும் மடங்காம இழுபடாம தொடையில ஒரு பிளாஸ்டர் ஒட்டிக்கங்க. வீட்டுல தினமும் குளிக்கறப்ப சோப்புத் தண்ணியால அந்த எடத்த முன்ன இருந்து பின்ன கழுவுனா போதும், டெட்டால் ஊத்த வேண்டாம். பை முக்கால் வாசி நெறையறதுக்குள்ள காலி பண்ணுங்க, ஒவ்வொரு தடவையும் முன்னாடியும் பின்னாடியும் கை கழுவி.

வீட்டுக்கு வந்தப்பறம் குளிர் நடுக்கத்தோட காய்ச்சல், லைன் இருந்த எடம் செவந்து சூடா வீங்கறது, சீழ், திடீர்னு பேச்சு கொழறி யாரு எவருன்னு தெரியாம முழிக்கறது, யூரினே போகாம வயிறு உப்பறது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு பாக்காதீங்க, ஏற்காடு அரசு ஆஸ்பத்திரிக்கு மொதல்ல போங்க, தேவைன்னா அங்கிருந்து 108ல கீழ அனுப்புவாங்க. சுகர் மாத்திரையோ இன்சுலினோ டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க, சுகர் ஏறுனா இன்ஃபெக்ஷன் ஆறறது கஷ்டமாயிரும்.

கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததும் அதுல கிருமியோட பேர் என்னன்னு கேட்டு ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்னோ கேண்டிடான்னோ இருந்தா மருந்து குறைஞ்சது ரெண்டு வாரமாவது ஓடும், இதய வால்வுல ஒட்டியிருக்கான்னு எக்கோ பாக்கச் சொல்லலாம், கேண்டிடான்னா கண்ணு டாக்டரையும் பாக்கச் சொல்லுவாங்க. காய்ச்சல் நின்னுருச்சேன்னு அண்ணன் பாதியில டிஸ்சார்ஜ் கேக்காம பாத்துக்கங்க. தொடை லைனை எந்தத் தேதில எடுத்தாங்க, புதுசு போட்டாங்களா போடலியா, பிரஷர் மருந்து எப்ப நின்னுச்சு, இந்த மூணையும் எழுதி அனுப்புங்க, மேற்கொண்டு என்ன கேக்கணும்னு நான் சொல்றேன்.